முத்து நெஞ்சுக்குள் இறங்கினால்

தாராவியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்கு வயது 36. நான்கு நாளாக அம்மை போட்டிருக்கிறது, காய்ச்சல் 103 வரை ஏறுகிறது, நேற்றிலிருந்து வறட்டு இருமல். வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரே அறை, மேலே ஒரு பரண். ஐந்து வயதில் ஒரு பையன். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்கிறார். வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ள முடியுமா, பையனுக்கு ஒட்டாமல் எப்படித் தடுப்பது? இதுதான் கேள்வி.

நான் முப்பத்தொரு வருடம் இந்த மும்பையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அதில் ஒன்பது வருடம் தொற்றுநோய் வார்டு. என் வீட்டுக்காரருக்கும் இதே அம்மை, இதே மாதிரி வந்தது. அதனால் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். ஆனால் நீங்கள் உட்கார்ந்து முழுவதையும் படிக்க வேண்டாம் அம்மா. பெரிய ஆள், நான்காம் நாள், புதிதாக இருமல் என்று மூன்றும் சேர்ந்திருக்கிறது. இன்றைக்கே ஒரு டாக்டர் அவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நாளைக் காலை வரை பொறுக்க வேண்டாம். அவரைக் காட்டிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், சின்னம்மை குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் ஒரு வாரத் தொல்லை. பெரியவர்களுக்கு வந்தால் கதையே வேறு. வைரஸ் ஒன்றுதான், வேரிசெல்லா ஸோஸ்டர் என்று பெயர். ஆனால் வயது வந்த உடம்பில் அது நுரையீரலில் இறங்குகிற வாய்ப்பு மிக அதிகம். கொப்புளம் தெரிந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஆறாம் நாளுக்குள் இருமலாகவோ, மூச்சு வாங்குவதாகவோ, நெஞ்சு குத்தலாகவோ தொடங்கும். பீடி சிகரெட் பிடிப்பவர்கள், கர்ப்பிணிகள், முன்பே நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். உங்கள் வீட்டுக்காரர் புகை பிடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பாரென்றால் டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள்.

வீட்டில் நாம் எல்லோரும் என்ன செய்வோம்? முத்தை எண்ணிக்கொண்டிருப்போம். முகத்தில் எத்தனை, முதுகில் எத்தனை, தண்ணீர் கோத்திருக்கிறதா, உலர்ந்துவிட்டதா என்று. நர்ஸாக இருந்தும் நானும் அதைத்தான் செய்தேன்.

1998, மார்ச் மாதம். அப்போது நாங்கள் ஆண்டாப்ஹில்லில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, வயது 38, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். கூட வேலை பார்க்கிறவரின் குழந்தைக்கு அம்மை வந்திருந்தது, அங்கிருந்து வாங்கி வந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கவில்லை என்று தெருமுனையில் ஒரு டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அன்று ராத்திரி காய்ச்சல் சட்டென்று இறங்கியது, இட்லி கேட்டுச் சாப்பிட்டார், எல்லோருக்கும் சந்தோஷம். நான்காம் நாள் நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்தேன். மனிதர் பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். முதுகு முழுக்கக் கொப்புளம், படுத்தால் வலிக்கிறது போல என்று நினைத்து, பாவம் என்று போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுக் காபி போடப் போனேன். படுத்தால் மூச்சு விட முடியாமல்தான் அவர் உட்கார்ந்திருந்தார். வார்டில் இன்னொருத்தர் அப்படி உட்கார்ந்திருந்தால் ஐந்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்திருப்பேன். சொந்த வீட்டில் கண் தெரியாது. மத்தியானம் அவர் ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் பேசியபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த ஊசி ஸ்டீராய்டு என்று சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காய்ச்சலை அமுக்கிவிட்டு வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுகிற மருந்து அது. அம்மை போட்டிருக்கும்போது காய்ச்சலுக்கென்று யார் ஊசி எடுத்தாலும், அதில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கையை நீட்டக் கூடாது.

அதனால் நீங்கள் எண்ண வேண்டியது மூச்சை. அவர் தூங்கும்போது, அல்லது அவருக்குத் தெரியாமல், வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று சொன்னால் மனிதர்கள் மூச்சையே மாற்றிவிடுவார்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. 24ஐத் தாண்டினால் ஆஸ்பத்திரி. 30 என்றால் ஆம்புலன்ஸ், எண் 108. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டர், கொரோனா சமயத்தில் வாங்கியது, பக்கத்து வீட்டில் யாரிடமாவது கிடக்கும், கேட்டு வாங்கிப் பேட்டரி மாற்றுங்கள். விரலில் மருதாணி, நகப்பூச்சு இல்லாமல், கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். 94க்குக் கீழே போனால் பேச்சே இல்லை, கிளம்ப வேண்டியதுதான். 96 காட்டுகிறது, ஆனாலும் மூச்சு வாங்குகிறது என்றால் மிஷினை நம்பாதீர்கள், மனிதரை நம்புங்கள்.

மூச்சைத் தவிர இன்னும் சில இருக்கின்றன. அளவுக்கு மீறித் தூங்கி வழிவது, பேச்சு குழறுவது, நடந்தால் குடிகாரர் போலத் தள்ளாடுவது, கழுத்து விறைப்பது எல்லாம் மூளைப் பக்கம் போயிருப்பதன் அறிகுறி. கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது என்றால் பாக்டீரியா சேர்ந்திருக்கிறது. விடாத வாந்தி, கொப்புளத்துக்குள் ரத்தம் கோத்துக் கறுப்பது, சளியில் ரத்தம், எதுவானாலும் உடனே போக வேண்டும்.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி. மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை சிஞ்ச்போக்லியில் இருக்கும் கஸ்தூர்பா. மூச்சு வாங்கினால் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே முதலில் போய் ஆக்ஸிஜன் வாங்குங்கள், எங்கே சேர்ப்பது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூச்சு சரியாக இருந்து காட்டிவிட்டு வரத்தான் என்றால் நேராகக் கஸ்தூர்பாவுக்கே போகலாம். லோக்கல் டிரெயினில் ஏற்றிவிடாதீர்கள், பஸ்ஸும் வேண்டாம். ஆட்டோ சயானுக்கு அந்தப் பக்கம் போகாது என்பது உங்களுக்கே தெரியும், கறுப்பு மஞ்சள் டாக்ஸி பிடித்து, நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு, அவருக்கு மாஸ்க் போட்டுக் கூட்டிப்போங்கள். டாக்ஸிக்காரரிடம் முன்னாடியே சொல்லிவிடுவது நியாயம்.

ஆஸ்பத்திரியில் உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். இந்த வைரஸ் காற்றில் போகும். ஒரே கூடத்தில் கொஞ்ச நேரம் இருந்தாலே போதும், பக்கத்தில் கர்ப்பிணி இருப்பார், கீமோதெரபி எடுக்கிறவர் இருப்பார். அவரை வெளியே மரத்தடியில் நிறுத்திவிட்டு நீங்கள் போய், "காஞ்சண்யா, மூச்சு வாங்குகிறது" என்று சொல்லுங்கள். மராத்தியில் சின்னம்மைக்கு அதுதான் பெயர். இந்தி பேசுகிற வார்டுபாய் என்றால் "சோட்டி மாதா" என்றால் புரியும். நாம் அம்மை, ஆத்தா என்கிறோம், அவர்கள் மாதா என்கிறார்கள், மராத்திக்காரர்கள் பெரியம்மையைத் தேவி என்றே சொல்வார்கள். பயந்த இடத்திலெல்லாம் மனிதன் அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

இனி உங்கள் மாமியார் விஷயம். அவரோடு சண்டை போடாதீர்கள். அவர் பயப்படுவது பெரியம்மையை நினைத்து. அவர் தலைமுறையினர் அதை நேரில் பார்த்திருப்பார்கள், அல்லது பார்த்தவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்திருப்பார்கள். அதற்கு அப்போது மருந்தே கிடையாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாலும் கூட்டத்துக்குத்தான் பரவும். வீட்டில் ஒதுக்கி வைத்து, வாசலில் வேப்பிலை செருகி, வெளியாள் வராமல், வீட்டாள் கல்யாணம் காட்சிக்குப் போகாமல் இருந்தது அன்றைக்குச் சரியான வைத்தியம். அந்த நோய் 1975 மே மாதத்தோடு இந்தியாவில் முடிந்துபோயிற்று. இப்போது வருவது வேறு வைரஸ், இதற்கு மருந்து உண்டு. ஆனால் இதையெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இல்லை.

என் மாமியாரும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். "அத்தை, முத்து வெளியே போட்டா ஆத்தா பாத்துக்குவா. இது நெஞ்சுக்குள்ளே இறங்கிட்டு, டாக்டர்தான் எடுக்கணும்" என்றேன். சமாளிக்கச் சொன்னதுதான், யோசித்துப் பார்த்தால் மருத்துவப்படியும் பொய்யில்லை. அவர்கள் ஒன்றும் பேசாமல் வாசலில் இருந்த வேப்பங்கொத்தை எடுத்து அவர் தலைமாட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வார்டு சிஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டார். தலைக்கு ஊற்றுவதை டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு, பதின்மூன்றாம் நாள், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு முறையாகச் செய்தோம். ஆத்தா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தால் அசைக்ளோவிர் என்ற மருந்தை நரம்பு வழியாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். உடம்பு எடைக்குக் கணக்கு, கிலோவுக்கு 10 மில்லிகிராம், பொதுவாக ஏழிலிருந்து பத்து நாள். இந்த மருந்து சிறுநீரகத்தில் படியாமல் இருக்கத் தண்ணீர்ச் சத்து நிறைய வேண்டும், அதற்குத்தான் சலைன். ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போனார் என்று சிஸ்டர் கேட்டால் எரிச்சல்படாமல் சொல்லச் சொல்லுங்கள். நுரையீரலில் இறங்கவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றால் அதே மருந்தை மாத்திரையாக எழுதுவார்கள்: 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மாத்திரைக்கு முழுப் பலன். உங்களுக்கு நான்கு நாள் ஆகிவிட்டது, அதனால் கொடுப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

உள்ளே சேர்த்துவிட்டால் உங்களை எப்போதும் கூட இருக்க விடமாட்டார்கள். அது கொடுமையாக இருக்கும், எனக்கே இருந்தது. சார்ஜரோடு ஒரு போன், பழைய பருத்திச் சட்டை இரண்டு, மூடி போட்ட பாட்டிலில் இளநீர், குழையக் காய்ச்சிய கஞ்சி. ஆதார், ரேஷன் கார்டு இரண்டையும் முதல் நாளே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நுரையீரல் தப்பித்தது, வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் பார்ப்பது? இங்கே பாசம், கடமை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா? ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேளுங்கள். வந்தவருக்கு மறுபடி வருவது அபூர்வம், நீங்கள் தாராளமாகப் பக்கத்தில் இருக்கலாம், துடைத்துவிடலாம், ஊட்டிவிடலாம். வரவில்லை என்றால், இரண்டு தவணை தடுப்பூசியும் போடவில்லை என்றால், பத்தில் ஒன்பது பேருக்கு வீட்டுக்குள் ஒட்டிவிடும். மாமியாரையும் கேளுங்கள், வயதானவர்களுக்கு எப்போதோ வந்திருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. நம் மாதிரி வெப்பப் பிரதேசத்தில் சின்ன வயதில் தப்பித்து, வளர்ந்த பிறகு மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். நாகர்கோவிலிலிருந்து நான் நர்ஸிங் படிக்க வந்த முதல் கோடையில் எங்கள் விடுதியில் பதினோரு பேர் வரிசையாகப் படுத்தோம், எல்லோருக்கும் வயது பதினெட்டு பத்தொன்பது.

இன்னொன்று, தப்பாக நினைக்காதீர்கள். உங்களுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறதா? சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்கள், இங்கே இல்லை, டாக்டரிடம். கர்ப்பமாக இருந்து அம்மையும் வந்ததில்லை என்றால் உங்கள் நுரையீரலுக்கும் ஆபத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இம்யூனோகுளோபுலின் என்று ஒரு ஊசி உண்டு. நோயாளியோடு பழகிய பத்து நாளுக்குள் போட வேண்டும். அந்த நிலையில் நீங்கள் அவர் பக்கத்திலேயே போகக் கூடாது, மாமியாரோ வேறு யாரோதான் பார்க்க வேண்டும்.

ஒற்றை அறையில் தனிமைப்படுத்துவது எப்படி என்று புத்தகத்தில் இருக்காது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அவர் மூச்சில் வைரஸ் வெளியே வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு நாளும் பையன் அப்பா மடியில்தான் இருந்திருப்பான். ஆகவே வந்திருந்தால் வந்திருக்கும். அதற்காக உங்களை நீங்கள் திட்டிக்கொள்ள வேண்டாம். பையனின் தடுப்பூசி அட்டையை எடுத்து வேரிசெல்லா என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் அது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டிருந்தால்தான் உண்டு. முதலில் பழகிய மூன்று, அதிகபட்சம் ஐந்து நாளுக்குள் போட்டால் நோயைத் தடுக்கவோ குறைக்கவோ செய்யும். உங்கள் கணக்கில் அது தாண்டிவிட்டது. இருந்தாலும் குழந்தை டாக்டரைக் கேளுங்கள், இந்தத் தடவை தப்பித்தால் பிற்காலத்துக்கு உதவும் என்று போடச் சொல்லலாம். அந்த ஊசியின் கதை எனக்குப் பிடிக்கும். ஜப்பானைச் சேர்ந்த மிச்சியாகி தகாஹாஷி என்ற டாக்டர், தன் மூன்று வயது மகன் சின்னம்மையில் மூச்சுத் திணறிக் கிடந்ததை 1964இல் பார்த்துவிட்டு, பத்து வருடம் உழைத்துக் கண்டுபிடித்தது. இன்றைக்கும் உலகமெங்கும் போடுகிற ஊசி பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான்.

பையனை அத்தை வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ அனுப்பிவிடலாம் என்று தோன்றும். பொறுங்கள். அவன் உடம்பில் ஏற்கெனவே வைரஸ் இருந்தால், பழகிய நாளிலிருந்து பத்துக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் ஒரு நாள் அங்கே போய்க் கிளம்பும். அந்த வீட்டில் கைக்குழந்தையோ மாசமாக இருக்கும் பெண்ணோ இருந்தால் என்ன ஆகும்? எல்லோருக்கும் அம்மை வந்து போன வீடு என்றால் மட்டும் அனுப்புங்கள். இல்லையென்றால் அவன் உங்களோடே இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அவனுக்கு வந்தாலும் அந்த வயதில் பெரும்பாலும் லேசாகவே போகும்.

வீட்டுக்குள் செய்ய முடிந்தது காற்றோட்டம்தான். அவர் படுக்கையை ஜன்னல் ஓரமோ வாசல் ஓரமோ போடுங்கள், காற்று அவர் பக்கமிருந்து வெளியே போகிற மாதிரி டேபிள் ஃபேனை வையுங்கள். பரணில் அவரைப் படுக்க வைக்காதீர்கள். ஏறி இறங்க மூச்சு வாங்கும், மேலே காற்றும் இருக்காது, தகரக் கூரையின் சூடு வேறு. பரண் உங்களுக்கும் பையனுக்கும். அம்மை வராதவர்கள் வீட்டுக்குள்ளேயும் நல்ல என்95 மாஸ்க் போட வேண்டும், அவரும் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பொதுக் கழிப்பறைக்குக் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முழுக்கைச் சட்டை, மாஸ்க்கோடு போகட்டும். இது மலம் வழியாகப் பரவுகிற நோய் இல்லை, மூச்சும் கொப்புளத்து நீரும்தான். வரிசையில் நிற்காமல் போய்வந்தால் போதும். துணிகளைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காய வைத்தால் சரி, பாயை எரிக்க வேண்டாம். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம், அவர் வெளியே போகக் கூடாது. புதிதாக ஒன்று போட்டாலும் கணக்கு நீளும். பொருக்கு உதிர வேண்டியதில்லை, உதிர்கிற பொருக்கிலிருந்து ஒட்டும் என்பது பழைய பயம்.

குளிப்பாட்டக் கூடாது என்கிற ஒரு வழக்கத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மும்பைப் புழுக்கத்தில் வியர்வையோடு ஒரு வாரம் கிடந்தால் கொப்புளத்தில் சீழ் பிடிக்காமல் என்ன செய்யும்? வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் மேலுக்கு ஊற்றலாம், தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். மாமியார் தலைக்கு ஊற்றக் கூடாது என்றால் தலையை விட்டுவிடுங்கள், உடம்புக்கு ஊற்றுங்கள், சமாதானமாகப் போகும். அரிப்புக்கு வேப்பங்கொத்தால் வருடுவது சுகமாகத்தான் இருக்கும், இலையைக் கழுவிவிட்டுச் செய்யலாம். உடைந்த கொப்புளத்தில் அரைத்துப் பூசுவதுதான் கூடாது. கேலமைன் லோஷன் தடவலாம், ராத்திரி அரிப்பில் தூக்கம் வராவிட்டால் டாக்டர் ஒரு அலர்ஜி மாத்திரை தருவார். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ராத்திரி கையில் பழைய காலுறையை மாட்டிவிடுவது பார்க்கக் கேலியாக இருக்கும், வேலை செய்யும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், 650 என்றால் ஆறு மணி நேர இடைவெளி விட்டு நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். குடிப்பழக்கமோ கல்லீரல் தொந்தரவோ இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள். டிஸ்பிரின் கூடாது, அது ஆஸ்பிரின். முக்கியமாகப் பையனுக்கு வந்தால் ஆஸ்பிரின் வாசனையே படக் கூடாது. காம்பிஃப்ளாம், புரூஃபென் என்கிற வலி மாத்திரைகள் இரண்டும் இந்த நோயில் வேண்டாம், தோல் தொற்று மோசமாகப் போவதோடு சம்பந்தப்பட்ட மருந்து. வீட்டில் யாராவது ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் செய்யாதீர்கள்.

சாப்பாட்டில் வழக்கத்தோடு ஒத்துப்போகலாம். வாய்க்குள்ளும் கொப்புளம் இருக்கும், காரமும் சூடும் எரியும். கேப்பைக் கூழ், மோர், இளநீர், குழைந்த தயிர்ச்சோறு எல்லாம் சரி. தாளிக்கக் கூடாது என்றால் தாளிக்காமலே கொடுங்கள், அதனால் ஒன்றும் குறையாது. ஆனால் பத்து நாள் வெறும் கூழில் ஆள் எழுந்திருக்க முடியாது. பாசிப்பருப்பு குழையவைத்தது, மாமியார் கண்ணை மூடிக்கொண்டால் ஒரு அவித்த முட்டை.

அப்புறம் நீங்கள். அம்மை வந்த ஆம்பிளை சிடுசிடுவென்று இருப்பார். கண்ணாடி பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் ஆறாம் நாள் வார்டில் என்னிடம், "உனக்கு அருவருப்பா இல்லையா" என்று கேட்டார். எனக்கு விடுதியிலேயே வந்துவிட்டது என்கிற தைரியத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உங்களுக்கும் வந்து போயிருந்தால் கையைப் பிடியுங்கள், கையுறை வேண்டாம், பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டால் போதும். ராத்திரி காவலை மாமியாரோடு பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூச்சு எண்ண அவருக்கும் சொல்லிக்கொடுங்கள், சாமி பேரை எண்ணுகிற மாதிரி நன்றாகவே எண்ணுவார்.

தேறிய பிறகும் இரண்டு மூன்று வாரம் அசதி இருக்கும், படி ஏறினால் இளைக்கும். வேலைக்கு அவசரப்படுத்தாதீர்கள், டிஸ்சார்ஜ் செய்யும்போதே ஓய்வுச் சான்றிதழ் கேட்டு வாங்கிவிடுங்கள். பொருக்கைக் கிள்ளினால் தழும்பு நிற்கும். இந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு பக்கமாக, பட்டையாக, எரிச்சலோடு எழுந்து வரும். ஊரில் காவி கரைத்து எழுதுவார்களே, அந்த அக்கி இதுதான். அக்கி கண்ட தாத்தாவிடமிருந்து பேரனுக்கு அம்மை வரும், அம்மை கண்டவரிடமிருந்து யாருக்கும் அக்கி நேராக ஒட்டாது. எப்போதாவது அக்கி வந்தால், எழுதுகிறவரிடம் போகிறீர்களோ இல்லையோ, மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போய்விட வேண்டும். அதே அசைக்ளோவிர் கேட்கும்.

கடைசியாக, எக்ஸ்ரே படத்தையும் டிஸ்சார்ஜ் பேப்பரையும் தூக்கிப் போடாதீர்கள். நுரையீரலில் அம்மை இறங்கிப் போனவர்களில் சிலருக்குப் பிற்பாடு அங்கே சின்னச் சின்னச் சுண்ணாம்புப் புள்ளிகள் தங்கிவிடும், கடுகைச் சிதற விட்ட மாதிரி. ஒன்றும் செய்யாது. ஆனால் காசநோய் மலிந்த இந்த ஊரில் எக்ஸ்ரே பார்க்கிற ஒவ்வொரு இளம் டாக்டரும் திடுக்கிட்டு, டிபி மருந்து எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். என் வீட்டுக்காரருக்கு இப்போது 60 தாண்டிவிட்டது, சிகரெட்டை அந்த மார்ச்சோடு விட்டார். போன வருடம் கண் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரேயிலும் அதே கேள்வி வந்தது. 1998இன் மஞ்சள் பேப்பரைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். டாக்டர் படித்துவிட்டு அவர் முகத்தைத் தழும்பு தேடிப் பார்த்தார். நெற்றியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.